ஜிம்மி ஏன் இருமுகிறது?

வீட்டில் ஒருவருக்கு டி.பி. என்று தெரிந்ததும் நம் ஊரில் முதலில் நடப்பது பாகப்பிரிவினை! தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தலையணை தனி, பின்கட்டில் ஒரு ரூம் தனி. குழந்தைகளுக்கு 'அந்தப் பக்கம் போகாதே' என்று உத்தரவு. எதிர் வீட்டு மாமி காபிப் பொடி கடன் கேட்க வருவதைக்கூட நிறுத்தி விடுவாள். டி.பி. கிருமி காற்றில்தான் பரவும், எவர்சில்வர் தட்டில் ஒட்டிக்கொண்டு வராது என்று டாக்டர்கள் தொண்டை வறளச் சொல்லியும் யாரும் கேட்பதாக இல்லை. (தட்டைப் பிரிக்கிறவர்கள் ஜன்னலை மட்டும் இழுத்துச் சாத்தி வைப்பார்கள். அதுதான் தமாஷ்!)

இந்தப் பாகப்பிரிவினையில் எந்தக் கட்சியிலும் சேராத ஒரு ஆசாமி உண்டு. நாய். அது பாட்டுக்குப் பின்கட்டுக்குப் போகும், வரும். இருமுகிறவரின் காலடியில் சுருண்டு படுத்துக் கொள்ளும். ராத்திரி இருமல் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும், கிட்டே வந்து மூஞ்சியை நக்கும். பெண்டாட்டி பிள்ளைகளே எட்டி நின்று பேசும் நேரத்தில், தொட்டுப் பழக மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

ஆகவே அதற்குத்தான் ஆபத்து.

"என்ன சார், புதுசா கதை விடறீங்க? நாய்க்கு டி.பி.யா?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நாயிடமிருந்து மனிதனுக்கு வியாதி வருவதைத்தான் நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வெறிநாய்க்கடி, உண்ணி, சொறி என்று ஒரு லிஸ்ட்டே கைவசம் உண்டு. இங்கே வண்டி எதிர்த்திசையில் ஓடுகிறது. கொடுப்பது நாம், வாங்கிக் கொள்வது அது.

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் 71 வயதுப் பெண்மணி ஒருவர். இருமல் என்று போனார், டி.பி. என்றார்கள். சிகிச்சை ஆரம்பமாயிற்று. ஆறு மாதம் கழித்து அவர் வளர்த்த யார்க்ஷயர் டெரியர் (ஒரு ஹேண்ட்பேக்கில் அடங்கிவிடும் சைஸில் இருக்குமே, அந்தச் சடைநாய்) இருமியது, இளைத்தது, வாந்தி எடுத்தது. நாய் பிழைக்கவில்லை. அதன் உடம்பிலிருந்து எடுத்த கிருமியையும் பாட்டியம்மாவின் கிருமியையும் பக்கத்தில் வைத்து மரபணுக் 'கைரேகை' பார்த்தார்கள். இரண்டும் ஒன்றே! 2004-ல் அமெரிக்க அரசின் தொற்றுநோய் இதழ் ஒன்றில் இந்தக் கேஸ் விவரமாக வெளியானது.

பொதுவாக நாய்க்கு இந்த விஷயத்தில் கெட்டியான உடம்பு. கிருமி உள்ளே போனாலும் பெரும்பாலும் அடக்கி வைத்துக் கொள்ளும். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கம் சளியில் கிருமி இருந்த நோயாளிகளின் வீட்டு நாய்களைச் சோதித்தபோது, சுமார் பாதி நாய்களின் ரத்தத்தில் கிருமியைச் சந்தித்த அடையாளம் தெரிந்தது. அத்தனையும் நோயில் படுத்துவிடவில்லை. ஆனால் கிருமி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அது சாதாரணக் கிருமியாக இருந்தால் ஒரு கவலை. மருந்துக்கு மசியாத கிருமியாக இருந்தால்?

அதுவும் நடந்திருக்கிறது. போர்ச்சுகலில் ஒரு வளர்ப்பு நாய்க்கு உடம்பு பூராவும் டி.பி. பரவியிருந்தது. கிருமியை வளர்த்துப் பார்த்தால் 'பெய்ஜிங்' என்று பெயர் பெற்ற பரம்பரையைச் சேர்ந்தது. உலகமெங்கும் மனிதர்களை ஆட்டி வைக்கும் ரகம். டி.பி.க்கு நாம் நம்பியிருக்கும் முதல் வரிசை மருந்தான ஐசோனியாசிட் அதனிடம் பலிக்கவில்லை. முழுசாகப் 'பல மருந்துகளை எதிர்க்கும் டி.பி.' என்று முத்திரை குத்த ஒரே ஒரு படிதான் பாக்கி. 2014-ல் இதைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்த நாய் எந்த மருந்துக் கடைக்குப் போயிற்று? எந்த கோர்ஸைப் பாதியில் நிறுத்தியது?

மச்சான் வாட்ச்மேன்கள்

கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்வது எப்படி என்று தெரிந்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் கிளாஸ் கணக்குதான்.

டி.பி. முற்றிய நுரையீரலில் ஒரு பொத்தல் விழுந்தால் அதற்குள் சர்வசாதாரணமாகப் பத்துக் கோடி கிருமி குடியிருக்கும். அதில் பத்து லட்சத்துக்கு ஒன்று, பிறக்கும்போதே அச்சுப்பிழையாக, ஐசோனியாசிட்டுக்கு அசையாத ஜாதி. ஆக, ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால் மற்றதெல்லாம் செத்து நூறு பேர் பிழைத்து நிற்பான். போட்டிக்கு ஆள் இல்லாத வீட்டில் அந்த நூறு மறுபடி பத்துக் கோடியாகும். இந்தத் தடவை அத்தனை பேரும் எதிர்ப்பாளர்கள்!

ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு அசையாதவன் பத்துக் கோடியில் ஒருவன். இரண்டுக்கும் அசையாதவன் வேண்டுமென்றால் இரண்டையும் பெருக்க வேண்டும். நூறு லட்சம் கோடியில் ஒன்று! அவ்வளவு கிருமி ஓர் உடம்பில் இடம் கொள்ளாது.

கல்யாண மண்டப வாசலில் ஒரே ஒரு வாட்ச்மேனைப் போட்டால், 'நான் உங்க மச்சான்' என்று சொல்லிக்கொண்டு நாலு பேர் உள்ளே நுழைந்து பந்தியில் உட்கார்ந்து விடுவான். வேறு வேறு ஊர்க்காரர்களாக நாலு வாட்ச்மேன்களைப் போட்டால்? நாலு பேருக்கும் மச்சானாக இருப்பவன் கிடைப்பது துர்லபம். டி.பி.க்கு ஏன் ஒரே சமயத்தில் நாலு மருந்து என்றால், இதனால்தான்.

இந்தப் பாடம் சும்மா வரவில்லை. 1948-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் ஒன்றை மட்டும் கொடுத்தபோது நோயாளிகள் மளமளவென்று தேறினார்கள். கொஞ்ச மாதத்தில் பலருக்குக் கிருமி மருந்தைச் சட்டை செய்யாமல் போயிற்று. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மருந்துகளைக் கூட்டுச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நோய் நிஜமாகப் பின்வாங்கியது.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஆரம்பித்த டி.பி. ஆராய்ச்சி மையம், சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தாலும், வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று காட்டியது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்து உள்ளே போக ஆரம்பித்ததும் தொற்றும் சக்தி வேகமாகக் குறைந்து விடுகிறது, அதுதான் சூட்சுமம். உலகமே டி.பி. வைத்தியத்தை மாற்றிக் கொண்டது. (அதற்குப் பிறகும் தட்டைப் பிரிக்கிறோம் பாருங்கள்!)

வீட்டு வைத்தியத்தில் ஒரே ஒரு ஓட்டை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். கன்னத்தில் சதை போடும். "அதான் சரியாப் போச்சே, எதுக்கு இன்னும் மாத்திரை? வயத்தைப் புரட்டுது" என்று நிறுத்தி விடுவார்கள். மிச்சம் இருக்கும் கெட்டிக்காரக் கிருமிகள் அதற்காகத்தான் காத்திருக்கின்றன. இப்படி ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையும் ஜெயித்த கிருமிக்கு எம்.டி.ஆர். என்று பெயர்.

நோயாளியின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. மருந்து ஸ்டாக் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டவர் உண்டு. தப்பான சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர் உண்டு. ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டும், முதலிலேயே வேறு ஒருவரிடமிருந்து எம்.டி.ஆர். கிருமியை வாங்கிக் கொண்டவரும் உண்டு. அந்தக் கடைசி வரிசையில் நிற்பதுதான் ஜிம்மி.

மனிதனுக்கு மருந்து, நாய்க்கு விஷம்

இதுவரை சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

"எனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு. நாய்க்கும் அதே வியாதின்னா அதையே பாதியா உடைச்சு சோத்துல வெச்சுட்டாப் போச்சு" என்று நினைக்கும் நல்ல மனசுக்காரர்கள் நம்மில் ஏராளம். வேண்டாம்!

ஐசோனியாசிட்டை நம் கல்லீரல் ஒரு வழி பண்ணி வெளியேற்றி விடும். அந்த வேலைக்கான நொதி மனிதனுக்கு உண்டு. நாய்க்கு அது கிடையவே கிடையாது. பிறவி அமைப்பே அப்படி. மருந்து ரத்தத்தில் தேங்கும், உடம்பிலுள்ள பி-6 வைட்டமினைக் காலி பண்ணும். மூளைக்கு பிரேக் போடும் ரசாயனத்தைத் தயாரிக்க அந்த பி-6 வேண்டும். பிரேக் இல்லாத வண்டி என்ன ஆகும்? வலிப்பு. ஒன்றன்மேல் ஒன்றாக வலிப்பு. கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து? உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் போனால் பாதி நாய்கள் பிழைப்பதில்லை. அரசாங்கம் தரும் கூட்டு மாத்திரை ஒன்றில் ஐசோனியாசிட் 75 மில்லிகிராம். பத்துக் கிலோ நாய் விளையாட்டாகப் பத்து மாத்திரையைக் கடித்து முழுங்கினால் கணக்கு என்ன ஆயிற்று? கிலோவுக்கு 75. மேலே சொன்ன அளவுக்கு ஒன்றரைப் பங்கு! 300 மில்லிகிராம் தனி மாத்திரை என்றால் இரண்டே போதும், எல்லையைத் தாண்டிவிடும்.

ரஷ்யாவில் ஒரு கூட்டத்துக்கு இது நன்றாகத் தெரியும். 2010-களில் 'டாக்ஹன்ட்டர்கள்' என்று சொல்லிக் கொண்டு தெருநாய்களைத் தீர்த்துக் கட்டக் கிளம்பியவர்கள், இறைச்சித் துண்டில் ஐசோனியாசிட்டைச் செருகித்தான் போட்டார்கள். தெருநாய்களோடு பார்க்கில் வாக்கிங் போன வீட்டு நாய்களும் சேர்ந்து மாண்டன. மனிதர்களை எமன் வாயிலிருந்து இழுத்து வந்த மாத்திரைக்கு இப்படியும் ஒரு உத்தியோகம்!

மாற்று உண்டு. அதே பி-6, பைரிடாக்ஸின் ஊசி. எத்தனை மில்லிகிராம் ஐசோனியாசிட் உள்ளே போயிற்றோ அத்தனை மில்லிகிராம் பைரிடாக்ஸின் நரம்பில் ஏற்றுவார்கள். ஆகவே நாய் மாத்திரையைக் கடித்து விட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் என்று கை வைத்தியத்தில் இறங்காமல், காலி ஸ்ட்ரிப்பைக் கையில் எடுத்துக் கொண்டு நேரே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். "எத்தனை மாத்திரை இருந்துச்சு, எத்தனை காணோம்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

பிறவிப் பிடிவாதக்காரர்கள்

டி.பி. கிருமிக்குப் பங்காளிகள் ஏறக்குறைய 200 பேர். எல்லோருக்கும் குடும்பப் பெயர் மைக்கோபாக்டீரியம். எல்லோருக்கும் உடம்பைச் சுற்றி மெழுகுச் சட்டை. சாதாரண மருந்து அதைத் துளைப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். பலருக்கு ஆமை வேகம். வயிற்றுக் கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகும் என்றால், டி.பி. கிருமி ஒரு நாள் எடுத்துக் கொள்ளும். மருந்துகள் பெரும்பாலும் வளரும் கிருமியைத்தான் தாக்கும். இவனோ தூங்குமூஞ்சி. அதனால்தான் ஐந்து நாளில் முடிய வேண்டிய கோர்ஸ் ஐந்து ஆறு மாதமாக நீள்கிறது.

இவர்களில் பலர் மண்ணிலும் குட்டைத் தண்ணீரிலும் சாதுவாக வசிப்பவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் ஆரம்பித்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பி.சி.ஜி. ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்து உலகம் திகைத்தது. காரணமாகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று இந்த மண்வாசிகள். நம் ஊர்க்காரர்கள் செருப்பில்லாமல் நடந்து நடந்து இவர்களோடு ஏற்கெனவே பழகிவிட்டார்கள், தடுப்பூசி புதிதாக எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது ஒரு விளக்கம்.

மண்ணை மோந்து பார்ப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் நாய் இவர்களைச் சந்திக்காமல் இருக்குமா? தெருச் சண்டையில் கடிபட்ட இடத்திலோ, முள் குத்திய இடத்திலோ ஒரு கட்டி வரும். உடையும். ஆறும். பக்கத்தில் இன்னொரு பொத்தல் விழும். ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். "என்ன டாக்டர், சீழ் டெஸ்ட்ல ஒண்ணுமே வரலையே!" வராது. பஞ்சில் தொட்டு எடுத்த சீழில் இவன் பல சமயம் அகப்பட மாட்டான். ஆழத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, 'மைக்கோபாக்டீரியா இருக்கிறதா பாருங்கள்' என்று எழுதிக் கேட்க வேண்டும்.

இந்த மண்வாசிகளில் பலர் மருந்து எதிர்ப்பை நம்மிடம் கற்றுக்கொண்டவர்கள் இல்லை, பிறவியிலேயே பிடிவாதக்காரர்கள். டி.பி. மாத்திரை பலவற்றை இவர்கள் கடலை மிட்டாய் மாதிரி சாப்பிடுவார்கள். அப்செஸ்ஸஸ் என்று ஒருவன் இருக்கிறான், மகா கள்ளன்! கிளாரித்ரோமைசின் மருந்து கேட்குமா என்று லேபில் மூன்றாம் நாள் பார்த்தால், 'கேட்கும்' என்று பவ்யமாக நிற்பான். பதினாலாம் நாள் பார்த்தால் மருந்துக்கு நடுவில் ஜம்மென்று வளர்ந்திருப்பான். மருந்தின் வாசனை பட்ட பிறகுதான் அவனுக்குள்ளே எதிர்ப்பு மரபணு கண் விழிக்கிறது. பெண் பார்க்க வரும்போது பேசாமல் இருந்துவிட்டு, தாலி கட்டிய பிறகு வரதட்சணை லிஸ்ட்டை நீட்டுகிற சம்பந்தி ஜாதி.

ஏவியம் என்று இன்னொருவன். பறவை எச்சத்தில், மண்ணில் இருப்பான். மினியேச்சர் ஷ்னாவ்சர் என்ற தாடிவைத்த குட்டி நாய் இனத்துக்கு இவன் பரம வைரி. அந்த இனத்தில் சில பரம்பரைகளில் எதிர்ப்புச் சக்திக்கான ஒரு மரபணு பழுது. பெரும்பாலான நாய்களைச் சும்மா விட்டுப் போகிற கிருமி அதைப் பிடித்துக் கொள்கிறது. கழுத்தில் நெறி கட்டி, இளைத்து, பார்ப்பதற்குப் புற்றுநோய் மாதிரியே இருக்கும்.

பயமுறுத்திக் கொண்டே போகிறேனோ? ஒரு நல்ல சேதியும் உண்டு. குட்டை முடி நாய்களுக்கு, முக்கியமாக பாக்ஸர் இனத்துக்கு, காது மடலில் உருண்டை உருண்டையாகக் கட்டி வரும். பெயர் கேட்டால் நடுங்குவீர்கள்: 'லெப்ராய்டு', அதாவது தொழுநோய் மாதிரி! 1973-ல் ஆப்பிரிக்காவில் முதலில் எழுதி வைத்தார்கள்; ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் நிறைய. பெயரில்தான் மிரட்டல். பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில், யாரும் ஒன்றும் செய்யாமலே தானாக மறைந்து போகும். மனிதனுக்கு ஒட்டுவதில்லை.

வேட்டை நாய்களின் கதை

மாட்டு டி.பி. கிருமிக்கு போவிஸ் என்று பெயர். நாலு கூட்டு மாத்திரையில் ஒன்றான பைரசினமைடு இவனிடம் பிறவியிலேயே செல்லாது. இவனால் நடந்த ஒரு கதையை மட்டும் சொல்லி விடுகிறேன்.

இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் கிம்பிள்விக் என்ற வேட்டைக் குழு. ஒன்றரை நூறுக்கும் மேல் நாய்கள் ஒரே கொட்டகையில். 2016 கடைசியில் சில நாய்கள் நலிந்தன. பார்த்தால் போவிஸ்! செத்த மாடுகளின் இறைச்சியைப் பச்சையாகப் போட்டதில் வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் பலமான சந்தேகம். நாய்க்கு மனிதர் மாதிரி தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை சரிப்படாது, பொய் சொல்லும். ஆகவே ரத்தச் சோதனை ஒன்றை நாய்க்கென்று தயார் செய்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2017-க்குள் நூற்றுக்குக் கொஞ்சம் குறைவான நாய்களைக் கருணைக் கொலை செய்தார்கள்.

அதில் பலவற்றுக்கு வெளியே ஒரு அறிகுறியும் கிடையாது. வாலை ஆட்டிக் கொண்டுதான் வந்திருக்கும்.

ஏன், மருந்து கொடுத்திருக்கக் கூடாதா? இதுதான் இந்த விஷயத்தில் கஷ்டமான கேள்வி. நாய்க்கு ஆறு மாதம், ஒன்பது மாதம், பல மருந்து. கல்லீரல் தாங்க வேண்டும். அந்த மாதங்களில் வீட்டில் குழந்தை இருக்கிறது, கிழவி இருக்கிறாள். இங்கிலாந்தில் நியூபரி பகுதியில் போவிஸ் கிருமி பூனைகளிடமிருந்து இரண்டு பேருக்குத் தொற்றி நோயாக முற்றியதை 2014-ல் அரசாங்கமே அறிவித்தது. நாயிடமிருந்து மனிதனுக்கு மனித டி.பி. திரும்பி வருவது மிக மிக அபூர்வம். ஆனாலும் எம்.டி.ஆர். என்று வந்துவிட்டால் யாரும் சூதாட விரும்புவதில்லை. மனித டி.பி., மாட்டு டி.பி. உறுதியான நாய்க்கு மருந்து வேண்டாம் என்றே பல நாடுகளில் கால்நடை டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எம்.டி.ஆர். நோயாளிகளுக்கு 2012-க்குப் பிறகு கிடைத்த பெரிய வரம் பெடாக்குலின் என்ற மருந்து. நாற்பது வருஷம் புதுசாக ஒன்றும் வராத துறையில் வந்த மருந்து. அதை நாய்க்குக் கொடுத்து, கோர்ஸ் தவறி, அதற்கும் கிருமி பழகிவிட்டால்? கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. சொல்வது சுலபம் என்று தெரியும். ஆறு மாதம் பின்கட்டில் கூடவே படுத்துக் கிடந்த ஜீவனைத் தூக்கிக் கொண்டு போய் ஊசிக்கு நீட்ட வேண்டியவருக்கு அது சுலபமில்லை. அவர் கொடுத்த கிருமி வேறு. அந்த நிலைமைக்கு யாரும் வராமல் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அது அப்படி ஒன்றும் பெரிய காரியமும் இல்லை.

வீட்டில் டி.பி. என்று தெரிந்த முதல் சில வாரம்தான் முக்கியம். நாய் நோயாளியின் அறையில் தூங்க வேண்டாம்; வராந்தாவில் படுக்கட்டும். கொஞ்சுவதானால் வெளியில், வெயிலில், வாயில் மாஸ்க்கோ துண்டோ கட்டிக்கொண்டு. சளியைக் கண்ட இடத்தில் துப்பினால் நாய் அதை மோந்து பார்க்காமல் விடாது, நக்காமலும் விடாது. மூடி போட்ட டப்பா வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பழையபடி காலடிக்கு வரட்டும். எம்.டி.ஆர். என்றால் இந்தக் காலம் இன்னும் நீளும், அதையும் டாக்டரிடமே கேட்டுக் கொள்ளலாம்.

பயந்து போய் நாயைத் தெருவில் விரட்டி விடுவது மட்டும் கூடவே கூடாது. வியாதி இல்லாத நாயாக இருந்தால் பாவம். வியாதி உள்ள நாயாக இருந்தால் நாலு தெருவுக்கு ஆபத்து.

நாய் இருமினால் உடனே டி.பி. என்று முடிவு கட்டவும் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இருமல் வேறு ஏதாவதாகத்தான் இருக்கும். கூட்டமாக இருக்கும் இடத்தில் தொற்றும் இருமல், கிழட்டு நாய்க்கு இதயக் கோளாறு, கொசு மூலமாக வரும் இதயப்புழு என்று எத்தனையோ. ஆனால் வாரக்கணக்கில் இருமி, கூடவே இளைத்து, சாப்பாட்டை மோந்துவிட்டு நகர்ந்து போனால் நாள் கடத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் போய், "போன தடவை கொடுத்தீங்களே, அந்த மாத்திரையே குடுங்க" என்று வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மாத்திரை ஃப்ளாக்ஸசின் என்று முடிகிறதா பாருங்கள். அந்த ரகம் டி.பி. கிருமியையும் அரைகுறையாக அடக்கும். இருமல் குறைந்த மாதிரி இருக்கும், நோய் ஒளிந்து கொள்ளும், எதிர்ப்பும் வளரும். எம்.டி.ஆர். மனிதர்களுக்கு முக்கியமான ஆயுதம் அதே குடும்பத்து மருந்துதான். ஒரே வாட்ச்மேன் கதை, இந்தத் தடவை நாய் வீட்டில்!

நாய் டாக்டரிடம் போனால் வெட்கப்படாமல் முதல் வரியிலேயே சொல்லி விடுங்கள்: "டாக்டர், எங்க வீட்ல ஒருத்தருக்கு டி.பி. இருக்கு." எம்.டி.ஆர். என்றால் அந்த ரிப்போர்ட்டின் காப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். இதைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்ற நியாயமே இல்லை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்துப் புற்றுநோய் என்று நினைப்பார், ஸ்டீராய்டு எழுதுவார், கிருமிக்குக் கொண்டாட்டம். மனித டாக்டரிடம் போகும்போதும், "நாய் இருமுது சார்" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். வீட்டில் யார் யார் என்று அவர் எழுதிக் கொள்ளும்போது பெரியவர், சின்னவர், வயசு எல்லாம் கேட்பார். நாலு காலில் நடப்பவரைப் பற்றிக் கேட்கமாட்டார். நீங்களாகத்தான் சொல்ல வேண்டும்.

மாத்திரை டப்பா மட்டும் இன்றைக்கே கட்டிலுக்கு அடியிலிருந்து அலமாரி மேல் தட்டுக்கு ஏறட்டும்.